புது லேப்டாப் அடிக்கடி படுத்துக்கொண்டால்: ரிப்பேர் அப்புறம், ஆதாரம் முதலில்

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத லேப்டாப் வேலையின் நடுவே தானாக அணைகிறது, அல்லது நீலத் திரையைக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்குரூடிரைவரும் இல்லை, பென் டிரைவும் இல்லை. பில்லை எடுங்கள். அதிலிருக்கும் தேதியைப் பாருங்கள்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. வருடா வருடம் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கிக் கொஞ்ச நாளில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். "அண்ணா, லேப்டாப் தானா ஆஃப் ஆயிருதுங்க" என்பார்கள். அதற்குள் ஹாஸ்டலில் ஒருவன் ஃபார்மட் அடித்திருப்பான், இன்னொருவன் யூடியூபைப் பார்த்து ஏதோ 'டிரைவர் பூஸ்டர்' போட்டிருப்பான், கடையில் திருப்பிக் கொடுப்பதற்கான நாளும் கடந்திருக்கும். ஐந்து வருடப் பழைய லேப்டாப் என்றால் எப்படியாவது ஓட வைத்தால் போதும். புதுசுக்கு முழுக்காசு கொடுத்திருக்கிறோம். கோளாறு பொருளில் இருக்கிறதா, அதில் ஏறிய மென்பொருளில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை. பொருளில்தான் என்றால், விற்றவர் மறுக்க முடியாதபடி காட்டினால் போதும். சரிசெய்வது அவர்கள் பாடு.

கெடுவும் சாவியும்

ஆன்லைனில் வாங்கியிருந்தால் ரிட்டர்ன் அல்லது ரீப்ளேஸ்மென்ட் எந்தத் தேதி வரை என்று ஆர்டர் பக்கத்திலேயே போட்டிருக்கும். கடையில் வாங்கியிருந்தால் பில்லின் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். கடைக்காரர்கள் 'டிஓஏ' என்று சொல்வது, பெட்டியைப் பிரித்த சில நாளுக்குள்ளேயே செத்துப்போன பொருளை. அந்தக் கெடு ஏழு நாள், பத்து நாள் என்று இடத்துக்கு இடம் மாறும். கெடுவுக்குள் புகார் பதிவாகிவிட்டால் வேறு புதுப்பெட்டி கேட்கலாம். தாண்டிவிட்டால் வாரண்டியில் பழுதுபார்த்துத்தான் தருவார்கள், அதாவது புது லேப்டாப்புக்குள் சர்வீஸ் சென்டர் மாற்றிப் போட்ட மதர்போர்டு. அதனால் கடையிலோ கம்பெனியிலோ இன்றைக்கே புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிவிடுங்கள். சோதனையெல்லாம் அப்புறம் நிதானமாகச் செய்யலாம். சோதனையில் அது மென்பொருள் கோளாறு என்று தெரிந்தால் புகாரை மூடிவிட்டால் போயிற்று, யாரும் அபராதம் கேட்கப்போவதில்லை.

கம்பெனித் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்றும் பாருங்கள். சில சமயம் நீங்கள் வாங்கிய தேதிக்குப் பதில் சரக்கு கிளம்பிய தேதி இருக்கும். பில்லைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது பிட்லாக்கர் சாவி, அதாவது விண்டோஸ் உங்கள் டிரைவுக்குப் போடும் பூட்டின் சாவி. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எதையும் சொல்ல எனக்கு மனமில்லை. விண்டோஸ் 11 வந்த புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே பெரும்பாலும் டிரைவ் தானாகப் பூட்டிக்கொள்ளும். நமக்குச் சொல்லவும் சொல்லாது. பயாஸை (விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, போர்டை மாற்றினாலோ திடீரென்று 48 இலக்கச் சாவி கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனது போனதுதான், எந்த மெக்கானிக்காலும் எடுத்துத் தர முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து டிவைசஸ் பகுதிக்குப் போனால் அந்தச் சாவி கிடைக்கும். ஃபோனில் படம் பிடித்தால் மட்டும் போதாது, தாளிலும் எழுதி வையுங்கள். புது லேப்டாப்புக்குக் கணக்கைத் திறந்து கொடுத்தது கடைக்காரப் பையன் என்றால் சாவி அவன் கணக்கில் இருக்கும். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் லேபில் நான் அடிக்கடி பார்ப்பது. முதலில் அதை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள்.

முக்கியமான கோப்புகளை வெளி டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி டேட்டாவுக்குக் கிடையாது.

எப்படிச் சாகிறது என்று பாருங்கள்

'கிராஷ் ஆகிறது' என்று பொதுவாகச் சொன்னால் எனக்கு எதுவும் தெரியாது, கால் சென்டர்காரருக்கும் தெரியாது. சாகும் விதம்தான் பாதி விடை.

திரையில் ஆங்கில எழுத்துகளோடு ஒரு செய்தி வந்து ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸ் தன் நினைவோடு விழுந்திருக்கிறது. விழும்போது ஒரு குறிப்பையும் எழுதி வைத்திருக்கும். இது நல்ல செய்தி. எந்தச் செய்தியும் இல்லாமல் பட்டென்று இருண்டுபோனால், விண்டோஸுக்குக்கூடத் தெரியாமல் மின்சாரம் அறுந்திருக்கிறது: சார்ஜர், பேட்டரி, போர்டு, அல்லது அளவு மீறிய சூடு. படம் அப்படியே உறைந்து, பாட்டு 'ட்ர்ர்ர்' என்று ஒரே இடத்தில் சிக்கி நின்றால் கிராஃபிக்ஸ், எஸ்எஸ்டி (கோப்புகள் இருக்கும் டிரைவ்), ராம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) என்று பல பக்கம் சந்தேகப்படலாம். மூடி வைத்துவிட்டுத் திறக்கும்போது மட்டும் சாகிறது என்றால் ஸ்லீப்பிலிருந்து எழத் தெரியாத டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஏதோ இருக்கிறது, பெரும்பாலும் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ். ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு மற்றதெல்லாம் ஓடினால் அது சிஸ்டம் கிராஷே இல்லை. அந்த மென்பொருளைப் பாருங்கள், லேப்டாப்பை விட்டுவிடுங்கள்.

நீலத் திரை என்று பழக்கத்தில் சொன்னாலும், 2025ல் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11ல் அது கறுப்புத் திரையாகிவிட்டது. சோக முகத்தையும் காணோம். வேகமாக மறைந்தும்விடும். செய்தியின் அடியில் ஸ்டாப் கோடும் (எந்த வகைப் பிழை என்று சொல்லும் பெயர்), சில சமயம் பழி விழுந்த கோப்பின் பெயரும் இருக்கும். அதைப் படிக்க அவகாசம் வேண்டுமென்றால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தட்டி, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'யில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

ஒரு சின்ன நோட்டும் போடுங்கள். நேரம், சார்ஜர் செருகியிருந்ததா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டாப் கோடு என்ன. இந்த நாலும் போதும்.

விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு

தேடலில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒன்று வரும். இவ்வளவு உபயோகமான ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஏன் இப்படி ஒளித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தீராத ஆதங்கம். நாள்வாரியாக ஒரு வரைபடம் இருக்கும். சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி போட்ட நாட்களைச் சொடுக்கினால் அன்றைக்கு என்ன விழுந்தது, அதற்கு முன்னால் எந்த அப்டேட் ஏறியது என்று வரிசையாகத் தெரியும். முதல் சிவப்புக் குறிக்கு முந்தின நாள் என்ன நிறுவினீர்கள் என்று பாருங்கள். பல கேஸ் அங்கேயே முடிந்துவிடும். 'ஹார்ட்வேர் எரர்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வையுங்கள், சர்வீஸ் சென்டரில் பேச உதவும்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவருக்குள் போகிறவர்கள் எல்லோரும் 'கெர்னல் பவர் 41' என்பதைப் பார்த்துவிட்டு, பவர் சப்ளைதான் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்று: முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி மறுபடி எழுந்திருக்கிறது. அது விளைவு, காரணம் அதில் இல்லை. அதன் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'பக்செக் கோட்' என்ற வரியை மட்டும் பாருங்கள். அதில் பூஜ்யம் இருந்தால் ஸ்டாப் கோடு எதுவும் பதிவாகாமலே போயிருக்கிறது. மின்சாரம் அறுந்ததோ, முழுக்க உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்ததோ. வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டாப் கோடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. புது லேப்டாப்பில் திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பவை சிலதான். 'வீயா அன்கரெக்டபிள் எரர்' என்றால் ஹார்ட்வேரே வாய்திறந்து புகார் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை வந்தால் பயாஸ் அப்டேட் செய்து பார்க்கலாம், அதற்குப் பிறகும் வந்தால் கடைக்குப் போங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் கை காட்டும். 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர்' முன்னே சொன்ன ஸ்லீப் வியாதி. 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்', 'அன்எக்ஸ்பெக்டட் ஸ்டோர் எக்ஸெப்ஷன்' இரண்டும் வந்தால் எஸ்எஸ்டியைச் சந்தேகப்படுங்கள். 'டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்' கொஞ்சம் குழப்பமான ஆள். எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேராகவும் (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இருக்கலாம், வைஃபை டிரைவராகவும் இருக்கலாம்.

'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்ததும் ராம் போய்விட்டது என்று அலற வேண்டாம். கெட்ட டிரைவரும் அதே கோடைக் கொண்டுவரும். என் கணக்கு இது: ஒவ்வொரு முறையும் ஒரே கோடு, ஒரே கோப்பு என்றால் டிரைவர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு, எந்த ஒழுங்கும் இல்லை, இடையிடையே பிரவுசர் டேபும் காரணமில்லாமல் செத்துப்போகிறது என்றால் ராம். இது சட்டம் இல்லை, ஆனால் பெரும்பாலும் பொய்க்காது.

கோப்பின் பெயர் தெரிய வேண்டுமென்றால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோப்பு. நிர்சாஃப்டின் 'புளூ ஸ்கிரீன் வியூ' என்ற சின்ன இலவச மென்பொருளில் அதைத் திறந்து பார்க்கலாம். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'வின்டிபக்' இலவசம். பெயர் 'என்வி' என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா, 'ஆர்டிடபிள்யூ' என்றால் ரியல்டெக் வைஃபை. 'என்டிஓஎஸ்கேஆர்என்எல்' என்று வந்தால் அதை நம்பாதீர்கள். அது விண்டோஸின் மையக்கரு. யார் தவறு செய்தாலும் பிடிபடும் இடம் அதுதான், அதனால் பழியும் அதன்மேல் விழும்.

மேலே இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

யூஎஸ்பியில் தொங்கும் அத்தனையையும் எடுங்கள். ஹப், மவுஸ் டாங்கிள், கேம் கன்ட்ரோலர், வெளி டிரைவ் எல்லாம். ஒரு நாள் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். இன்னொரு நாள் சார்ஜரோடு ஓட்டுங்கள். டைப்-சி சார்ஜர் என்றால் பெட்டியில் வந்ததையே போடுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு ஃபோன் சார்ஜரைச் செருகிவிட்டு கேம் ஓட்டினால் அது எப்படித் தாங்கும்?

லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு ட்ரையல் ஆன்டிவைரஸ் வந்திருக்கும். கடைக்காரர் இனாமாக இன்னொன்று போட்டுக் கொடுத்திருப்பார். இரண்டையும் தூக்கிவிடுங்கள், விண்டோஸ் டிஃபெண்டர் போதும். ஆன்டிவைரஸ் கணினியின் அடி ஆழத்தில் ஓடும் சரக்கு, அது சறுக்கினால் மொத்தமும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரே ஒரு பிழையான அப்டேட்டில் உலகம் முழுக்க விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் நீலத் திரையில் நின்றதை நினைவில் வையுங்கள். சுமார் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அத்தனையிலும் ஹார்ட்வேர் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் விளையாடும் வேலரன்ட் கேமில் ஏமாற்றுவதைத் தடுக்கும் 'வான்கார்ட்'டும் அதே அடி ஆழத்தில், கணினி எழும்போதே கூடவே எழுந்து ஓடுகிற சரக்கு. சோதனை முடியும் வரை அதையும் நீக்கி வையுங்கள். கிராக் மென்பொருளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், நம் ஊரில் மிகவும் சாதாரணமான ஒன்று: கடையில் கூடுதலாகப் போட்டுக் கொடுத்த ராம். '8 ஜிபியில் வருதுங்க, இன்னொரு 8 போட்டு 16 ஆக்கித் தர்றேன்' என்று சொல்லி, கம்பெனிப் பெட்டியைக் கடையிலேயே பிரித்து, வேறு பிராண்ட் ராமைச் செருகித் தருவார்கள். தவறில்லை. ஆனால் கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஈரோடு பக்கத்திலிருந்து வந்த முதலாமாண்டுப் பெண் ஒருத்தி அப்படி ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். கெட்டிக்காரப் பெண். நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தாள், ஃபோனில் மூன்று படம் இருந்தது. மூன்றிலும் மூன்று கோடு. ஆட்டோகேட் திறந்தாலும் சாகிறது, சும்மா படம் பார்த்தாலும் சாகிறது. அவள் அப்பா ஃபோனில் வந்தார். "ஏனுங்க சார், பாப்பா எதையாவது போட்டுக் கெடுத்துப்போட்டாளுங்களா?" தவணையில் வாங்கிக் கொடுத்த மனுஷன், குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. "பாப்பா மேல தப்பில்லீங்க, உள்ள ஏதோ சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அடிமூடியைத் திறந்தேன்.

பேட்டரி கனெக்டரை முதலில் கழற்ற வேண்டும், அதைக் கழற்றாமல் உள்ளே எதையும் தொடக் கூடாது. ராமைப் பார்த்தால் தங்கக் கோடு ஒரு ஓரத்தில் மெலிதாக வெளியே தெரிந்தது. லேப்டாப் ராமைச் சாய்வாக வைத்து, தங்கப் பற்கள் முழுக்க மறையும் வரை உள்ளே தள்ளி, அப்புறம்தான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும். பாதி தள்ளியதும் அமுக்கினால் கொக்கி பிடித்ததுபோலவே இருக்கும், கணினியும் எழும், ஆனால் அதிர்ந்தால், சூடு ஏறினால் தொடர்பு விடும். சரியாகச் செருகி ஓட்டினோம். அப்படியும் செத்தது. சரி என்று அந்த ராமை எடுத்துவிட்டு, கம்பெனி ராமில் மட்டும் ஓட்டினோம், சாகாமல் ஓடியது. அதே ஸ்லாட்டில் லேபில் இருந்த நல்ல ராம் ஒன்றைப் போட்டோம், அப்போதும் சாகவில்லை. ஆக ஸ்லாட் சரி, கடை ராம்தான் சரியில்லை. இப்படி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் 'ராம் கோளாறு' என்று சொல்லியிருந்தால், 'ஸ்லாட் போச்சு, கம்பெனிக்குப் போங்க' என்று கடைக்காரர் கைகழுவியிருப்பார். படங்களோடு போனதும் மறுபேச்சு இல்லாமல் வேறு ராம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

டிடிஆர்5 ராமை மாற்றினால் முதல் முறை எழுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலேகூட ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும். ராமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறது. செத்துவிட்டது என்று பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டி, கிழித்தால் வாரண்டி இல்லை என்று எழுதியிருக்கும் லேப்டாப்பை நீங்களே திறக்காதீர்கள். ராம் போட்ட கடையிலேயே உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

மென்பொருள் பக்கம்

'புதுசு' என்று நாம் வாங்கும் லேப்டாப் கிடங்கில் பல மாதம் தூங்கியிருக்கலாம். அதிலுள்ள பயாஸும் டிரைவரும் அந்த வயதுடையவை. ஆகவே விண்டோஸ் அப்டேட் முழுக்க முடியட்டும், நடுவில் அவசரப்படாதீர்கள். அதன்பின் கம்பெனியின் சொந்த அப்டேட் மென்பொருளைத் திறந்து பயாஸ், சிப்செட், கிராஃபிக்ஸ், வைஃபை, எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் என்று வருவதையெல்லாம் ஏற்றுங்கள். பயாஸ் ஏற்றும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், பிட்லாக்கர் சாவி கையில் இருக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் அந்த வேலையே வேண்டாம்.

எஸ்எஸ்டி ஃபர்ம்வேரைச் சும்மா சொல்லவில்லை. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு வந்தபோது, வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 டிரைவ்கள் இருந்த கணினிகள் சில திரும்பத் திரும்ப நீலத் திரைக்குப் போயின. கம்பெனி கொடுத்த ஃபர்ம்வேரை ஏற்றியதும் சரியானது. ராமை மாற்றியும் ஃபார்மட் அடித்தும் தீராத வியாதி அது.

டிரைவரைக் கம்பெனித் தளத்திலிருந்தோ, சிப் செய்தவர் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். இலவசமாக டிரைவர் தேடித் தரும் மென்பொருள்களை நான் லேபில் அனுமதிப்பதே இல்லை. ஒரு குறிப்பிட்ட அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்தி முந்தைய பதிப்புக்குப் போய்ப் பாருங்கள்.

ஷட்டவுன் செய்துவிட்டு ஆன் செய்தால் புதிதாகத் தொடங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் விண்டோஸ் தன் மையக்கருவை டிரைவில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், எழும்போது அதையே திரும்ப ஏற்றிக்கொள்ளும். பழைய குழப்பமும் கூடவே எழும். சுத்தமாக எழ வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தும் விடலாம். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் அதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் கட்டளைகளை எல்லா இடத்திலும் முதல் மருந்தாகச் சொல்வார்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருந்தால் சரிசெய்யும், வேறு எதையும் தீர்க்காது. ஓட்டிப் பாருங்கள், கெடுதல் இல்லை. கால் சென்டரில் கேட்டால் 'ஓட்டியாச்சு' என்று சொல்லவாவது ஆகும்.

சூடு

மே மாதத்தில் மெத்தைமேல் வைத்து, அடியில் காற்றுப் போகாமல் கேம் ஆடினால் எந்த லேப்டாப்பும் கொதிக்கும். ஆனால் சூட்டினால்தான் கிராஷ் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். இன்றைய பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேமிங் லேப்டாப்பில் 95 பார்ப்பது சகஜம். அதையும் மீறினால் நீலத் திரை காட்டாமல் பட்டென்று அணையும். 'எச்டபிள்யூஇன்ஃபோ' போட்டு சூட்டைப் பதிவு செய்யுங்கள். சும்மா டெஸ்க்டாப்பில் நிற்கும்போதே 90ஐத் தொட்டால் ஃபேன் ஓடவில்லை, அல்லது தெர்மல் பேஸ்ட் சரியாக வைக்கவில்லை. புதுசில் அது தயாரிப்புக் குறை, உங்கள் தலைவலி இல்லை.

ஹார்ட்வேரை மாட்ட வைக்கும் சோதனைகள்

முதலில் கம்பெனியின் சொந்தச் சோதனை. விண்டோஸுக்கு வெளியே ஓடுவதால் அதன் முடிவை அவர்களால் மறுக்க முடியாது. டெல் லேப்டாப்பில் ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தி 'டயக்னாஸ்டிக்ஸ்' தேர்ந்தெடுங்கள், எச்பியில் எஃப்2. ஏதாவது தோல்வி என்றால் ஒரு பிழை எண் தரும். அந்த எண்ணைச் சொன்னால் கால் சென்டரில் 'ஃபார்மட் பண்ணிப் பாருங்க' என்ற பேச்சு பெரும்பாலும் வராது.

ராமுக்கு, விண்டோஸில் உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' ஒரு தொடக்கம்தான். அது பாஸ் என்றாலும் நம்ப மாட்டேன். 'மெம்டெஸ்ட்86' இலவசப் பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் ராம் ஃபெயில். ராமில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்பது கிடையாது. எஸ்எஸ்டிக்கு 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போட்டால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புது எஸ்எஸ்டியில் மொத்தம் ஓடிய நேரம் ஆயிரக்கணக்கான மணி என்று காட்டினால், கிராஷ் கிடக்கட்டும், அது புது எஸ்எஸ்டியா என்றே கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை உபுண்டு, விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச இயங்குதளம். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் 'ட்ரை உபுண்டு' கொடுத்து, ஒரு மாலை முழுக்க அதிலேயே பிரவுசரும் வீடியோவும் ஓட்டுங்கள். விண்டோஸும் அதன் டிரைவர்களும் இப்போது ஆட்டத்திலேயே இல்லை. அப்போதும் உறைந்தால், அணைந்தால், கோளாறு பெரும்பாலும் இரும்பில், அதாவது ஹார்ட்வேரில் இருக்கிறது. அதை வீடியோ எடுங்கள். உபுண்டுவில் நிம்மதியாக ஓடினால் விண்டோஸ் பக்கம் திரும்புங்கள். ஒன்று மட்டும், எஸ்எஸ்டிக்கு இதில் அதிக வேலை இல்லை, அதனால் எஸ்எஸ்டி குற்றவாளியா என்பதை இது சொல்லாது.

கடைசியாகத்தான் ரீசெட். செட்டிங்ஸில் ரெகவரி போய் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'கிளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுங்கள். 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும், ஹாஸ்டல் வைஃபையில் பொறுமை வேண்டும். டிரைவில் இருக்கும் பழைய கோப்புகளிலிருந்தே ரீசெட் செய்தால் சிதைந்தது அப்படியே திரும்பி வர வாய்ப்புண்டு. ரீசெட் முடிந்ததும் அப்டேட்டுகளைத் தவிர எதையும் நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள். வெறும் விண்டோஸிலேயே விழுந்தால் உங்கள் வழக்கு பலமாகிவிட்டது. நன்றாக ஓடினால் பழைய மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்றினால் யார் குற்றவாளி என்று மறுபடியும் தெரியாமல் போகும்.

கவுன்டரில்

வெறும் 'ஹேங் ஆகுது' என்று சொல்லாதீர்கள். "இத்தனாம் தேதி புகார் எண் வாங்கினேன், ஸ்டாப் கோடு இது, ரீசெட் செய்த பிறகும் வருகிறது, உங்கள் சோதனையே இந்தப் பிழை எண்ணைக் காட்டியது" என்று சொல்லுங்கள். பேச்சின் திசையே மாறிவிடும். ஃபோனில் பேசியதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதில் கோளாறை நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள், 'ஸ்லோ' என்று எழுத விடாதீர்கள்.

இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் அந்த நிலையிலேயே இறங்கி வரும். அதற்கும் மசியவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். நீங்கள் சேர்த்த படங்கள், நோட்டு, ஜாப் ஷீட் எல்லாம் அங்கே பேசும்.

சரிசெய்து திரும்பக் கொடுத்தால், கவுன்டரிலேயே ஆன் செய்து பாருங்கள். போர்டு மாற்றியிருந்தால் பிட்லாக்கர் சாவி கேட்கும், தாளில் எழுதி வைத்தது அப்போது உதவும். பயாஸில் தெரியும் சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுப் போர்டில் எண்ணை ஏற்றாமல் விட்டால் அடுத்த முறை வாரண்டியில் தகராறு வரும். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எதை ஓட்டினால் விழுந்ததோ அதை அங்கேயே அரை மணி நேரம் ஓட்டுங்கள், அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஜாப் ஷீட்டில் 'சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தால், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று கேட்டு, அதன் பெயரையும் தேதியையும் எழுத வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.